கையில் காகிதமே இல்லாத பழைய கிரெடிட் கார்டு கடன்: எங்கே தொடங்கி எப்படி முடிப்பது

எட்டு, பத்து வருடத்துக்கு முன் வாங்கிய கார்டு. வேலை போனபோதோ, வீட்டில் யாருக்கோ உடம்பு முடியாமல் போனபோதோ கட்ட முடியாமல் நின்றுவிட்டது. அப்புறம் வீடு மாறியது, போன் நம்பர் மாறியது, ஸ்டேட்மென்ட் வந்துகொண்டிருந்த மெயிலின் பாஸ்வேர்டும் மறந்துபோனது. இப்போது கேள்வியே பட்டிராத ஒரு நிறுவனம், அன்றைய பாக்கியைப் போல நாலு மடங்கு கேட்டுக் கடிதம் போடுகிறது. அந்தக் கணக்கு சரியா, தப்பா என்று பார்க்க நம்மிடம் ஒரு துண்டுச்சீட்டுகூட இல்லை.

இந்த நிலைமையில் பலர் இரண்டில் ஒன்றைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். பயந்துபோய், போனில் பேசுகிறவரின் வாயை அடைக்க ஏதோ கொஞ்சம் கட்டுகிறார்கள். இல்லையென்றால் கடிதத்தைப் பிரிக்காமலே மேசை இழுப்பறைக்குள் தள்ளிவிடுகிறார்கள். இரண்டுமே கெடுதல். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஒரு வரிசை உண்டு: முதலில் தேதி, அடுத்து ஆதாரம், கடைசியில்தான் தொகை. வசூல் ஏஜென்ட் எப்போதும் தொகையிலிருந்துதான் பேச்சை ஆரம்பிப்பார். நீங்கள் தேதியிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதல் போன் வரும்போது

பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்: "சார், உங்க ஃபைல் லீகலுக்குப் போகுது. இன்னிக்கு ஒரு ஆயிரமாவது போட்டுவிட்டீங்கன்னா நான் நிறுத்தி வைக்கிறேன்." கேட்கும்போது உதவி செய்கிற மாதிரி இருக்கும். ஆனால் அந்த ஆயிரம் உங்கள் கடனில் ஒரு மூலையைக்கூடக் குறைக்காது. பல நாடுகளில் அந்தச் சின்னத் தொகையே, முடியப் போகிற காலவரம்பை, அதாவது கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போக உள்ள கெடுவை, மறுபடி முதலிலிருந்து ஓட வைத்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவர் கடைசியாகக் கட்டி இரண்டு வருடம் பத்து மாதம் ஆகியிருந்தது. தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி ஒரு சின்னத் தொகையைப் போட்டார். "என் பழைய பாக்கிக்கு" என்று ஒரு வரி மெயிலும் அனுப்பினார். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் கையில் இருந்திருக்கும் 'மூன்று ஆண்டுக் கெடு முடிந்துவிட்டது' என்ற ஒரு பெரிய வாதத்தை அந்த ஒரே நாளில் இழந்தார்.

அதனால் போனில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நீங்க யாரு, எந்த நிறுவனம், யாருக்காகப் பேசறீங்க, எல்லாத்தையும் எழுத்துல அனுப்புங்க. போன்ல நான் எதுவும் பேச மாட்டேன்." கடன் உங்களுடையது என்றும் சொல்ல வேண்டாம், இல்லை என்றும் சொல்ல வேண்டாம். பிறந்த தேதி, அடையாள எண், வங்கிக் கணக்கு எண் எதையும் சரிபார்ப்பதற்காகக்கூடக் கொடுக்காதீர்கள். பழைய கடன் பட்டியல்களை வைத்துக்கொண்டு மோசடி செய்கிறவர்களும் உண்டு. பேசியவர் நிஜமான ஏஜென்ட்தானா என்று தெரிந்துகொள்ள, கார்டு கொடுத்த வங்கியின் அதிகாரப்பூர்வத் தளத்தில் உள்ள எண்ணை நீங்களே அழைத்துக் கேளுங்கள். ஏஜென்ட் கொடுக்கிற எண்ணை அழைக்க வேண்டாம்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, அன்றைய தேதி, நேரம், வந்த எண், பேசியவர் சொன்ன பெயர், என்ன சொன்னார் என்று எழுதத் தொடங்குங்கள். தொலைந்துபோன காகிதங்களுக்குப் பதிலாக இனி உருவாகப் போகிற கோப்பின் முதல் பக்கம் அதுதான்.

தேதியைக் கண்டுபிடிப்பது

கடைசியாக எப்போது பணம் கட்டினீர்கள்? இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் பாதிக் குழப்பம் தீரும். ஏனென்றால் பெரும்பாலான நாடுகளில் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு கெடு இருக்கிறது. இந்தியாவில் 1963-ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி இது 3 ஆண்டு. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 6 ஆண்டு. ஸ்காட்லாந்தில் 5 ஆண்டு. அங்கே கெடு முடிந்தால் கடனே இல்லாமல் போய்விடுகிறது. சிங்கப்பூரிலும் மலேசியத் தீபகற்பத்திலும் 6 ஆண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பொதுவாக 2 ஆண்டுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதில்தான் சண்டையே வருகிறது. கடைசியாகக் கட்டிய நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-ல் ஒரு வழக்கில், வங்கி அனுப்பும் டிஃபால்ட் நோட்டீஸில் (தவணை தவறியதைச் சொல்லி, கட்ட ஒரு நாள் குறித்து வரும் கடிதம்) கொடுத்த அவகாசம் முடிந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும் என்று சொன்னது. ஆகவே அந்த நோட்டீஸ் எப்போது வந்தது என்பதும் உங்களுக்குத் தேவைப்படும் தேதி.

இந்தியக் கடன் என்றால் இரண்டு விஷயங்களைத் தவறவிடக் கூடாது. ஒன்று, கொரோனா காலம்: 15.03.2020 முதல் 28.02.2022 வரையிலான நாட்களைக் காலவரம்புக் கணக்கிலிருந்து உச்ச நீதிமன்றம் விலக்கிவிட்டது. இன்னொன்று, வெளிநாடு போனவர்களுக்கு. காலவரம்புச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கடன்பட்டவர் இந்தியாவை விட்டு வெளியே இருந்த காலத்தைக் கெடுவில் சேர்ப்பதில்லை. கார்டு பாக்கியோடு விமானம் ஏறி ஐந்து வருடம் வெளியே இருந்துவிட்டு, "மூணு வருஷம் முடிஞ்சு போச்சு" என்று நம்பியிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மறுபடி கணக்குப் போட வேண்டும். பழைய பாஸ்போர்ட்டில் உள்ள முத்திரைகளை இதற்காகவே பத்திரமாக வைத்திருங்கள்.

கெடு முடிவதற்குள் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தாலோ, கொஞ்சம் கட்டி அது உங்கள் எழுத்திலோ கையெழுத்தோடோ பதிவானாலோ இந்தியாவில் 3 ஆண்டு புதிதாகத் தொடங்கும். கெடு முடிந்த பிறகு என்றாலும் நிம்மதியாக இருந்துவிட முடியாது: 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி, காலாவதியான கடனைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லுபடியாகும் புது ஒப்பந்தம். இங்கிலாந்தில் அப்படியில்லை. 6 ஆண்டு முழுதாக முடிந்த பிறகு என்ன எழுதினாலும் செத்த கெடு உயிர் பெறாது. அமெரிக்காவின் சில மாநிலங்களில் சின்னத் தொகை கட்டினால் உயிர் பெறும். ஊருக்கு ஊர் இப்படி மாறுவதால், உங்கள் கடன் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று தெரியும்வரை பேனாவை எடுக்க வேண்டாம் என்கிறேன்.

தொலைந்த காகிதங்களைத் திரும்பச் சேர்ப்பது

உங்களிடம் இல்லாத காகிதம் வேறு எங்கோ இருக்கிறது. முதலில் போக வேண்டிய இடம் கடன் தகவல் நிறுவனம். இந்தியாவில் டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப் ஹை மார்க் என்று நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுத்தாக வேண்டும். நான்கையும் எடுங்கள். ஒன்றில் இல்லாத கணக்கு இன்னொன்றில் இருக்கும்.

அறிக்கை வந்ததும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அந்தக் கார்டுக்கான பகுதிக்குப் போய் நிதானமாகப் படியுங்கள். கணக்குத் தொடங்கிய தேதி, கடைசியாகக் கட்டிய தேதி, தற்போதைய பாக்கி என்று தனித்தனியாக இருக்கும். கீழே மாத வாரியாகச் சின்னக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை நாள் தாமதம் என்ற எண். பூஜ்ஜியமாக வந்துகொண்டிருந்தது ஒரு மாதத்தில் 30 ஆகும், அடுத்ததில் 60, பிறகு 90. எந்த மாதத்தில் கட்டுவது நின்றது என்று அந்தக் கட்டங்களே காட்டிக்கொடுத்துவிடும். "ரிட்டன் ஆஃப்" என்று போட்டிருந்தால் கடனைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள் என்று சந்தோஷப்பட வேண்டாம். வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் நஷ்டமாக எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது, அதை வேறு நிறுவனத்துக்கு விற்கவும் முடியும்.

அடுத்தது உங்கள் சொந்த சேமிப்புக் கணக்கு. கார்டு பில்லை எந்தக் கணக்கிலிருந்து கட்டினீர்களோ, அந்த வங்கியில் பழைய வருடங்களின் ஸ்டேட்மென்டைக் கேளுங்கள். சம்பளக் கணக்கு மூடப்பட்டிருந்தாலும் எழுதிக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் கொடுப்பார்கள், கொஞ்சம் கட்டணம் வாங்கலாம். அந்தப் பக்கத்தில் கார்டின் கடைசி நான்கு எண்ணோடு நீங்கள் கட்டிய தொகையும் தேதியும் இருக்கும். நீதிமன்றத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம்.

பழைய மெயிலை மீட்டெடுக்க முடிந்தால் "ஸ்டேட்மென்ட்", "மினிமம் அமவுன்ட் டியூ" போன்ற சொற்களை ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள். அலமாரியில் தூங்கும் பழைய போனில் எஸ்.எம்.எஸ்.கள் இருக்கலாம். பிரிட்டனில் இருந்தால் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி, உங்களைப் பற்றி வைத்திருக்கும் எல்லாத் தகவலையும் கொடுக்கும்படி வங்கியிடமே கேட்கலாம். இலவசம், ஒரு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒப்பந்த நகலுக்கென்று தனியாக ஒரு கோரிக்கை இருக்கிறது, அது அடுத்து வருகிறது.

எழுதிக் கேட்பது

கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. ஏன் கட்ட முடியாமல் போனது என்ற கதையை எழுதவே கூடாது. மனசு கேட்காது, எழுதத் தோன்றும். ஆனால் "அப்போது எனக்கு வேலை போய்விட்டது, அதனால்தான் கட்ட முடியவில்லை" என்ற ஒரு வரியே கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்படி எழுதலாம்:

"உங்கள் கடிதம் கிடைத்தது (தேதி, குறிப்பு எண்). அதில் சொல்லியுள்ள கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தக் கடிதம் எந்தக் கடனுக்கும் ஒப்புதல் ஆகாது. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் அனுப்பவும்: கார்டு வழங்கிய வங்கியின் பெயரும் கணக்கின் கடைசி நான்கு எண்களும், கணக்குத் தொடங்கிய தேதி, கடைசியாகப் பணம் வந்த தேதி, கேட்கும் தொகையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, கட்டணங்கள் எவ்வளவு என்ற பிரிவு, கையெழுத்திட்ட விண்ணப்பம் அல்லது ஒப்பந்தத்தின் நகல், கணக்கின் ஸ்டேட்மென்ட்கள், கடன் உங்களுக்கு மாற்றப்பட்டதற்கான ஆவணம், அல்லது வங்கி உங்களுக்குக் கொடுத்த அதிகாரக் கடிதம். இவை வரும்வரை தொலைபேசியில் தொடர்புகொள்ள வேண்டாம்."

கிடைத்ததற்கான ஒப்புகை வரும்படி, பதிவு செய்த தபாலில் (இந்தியாவில் இப்போது ஸ்பீட் போஸ்டில்) அனுப்புங்கள். அதே கடிதத்தை மெயிலிலும் போடுங்கள். ஒப்புகை வந்ததும் கடித நகலோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.

பிரிட்டனில் இந்தக் கோரிக்கைக்குத் தனி வலு உண்டு. 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 78-ஆம் பிரிவைச் சொல்லி 1 பவுண்டு கட்டணத்தோடு ஒப்பந்த நகல் கேட்டால், 12 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். தராதவரை நீதிமன்றம் மூலம் வசூலிக்க முடியாது. அமெரிக்காவில் வசூல் நிறுவனம் முதல் தொடர்பிலோ, அதிலிருந்து 5 நாட்களுக்குள்ளோ கடன் விவரத்தைத் தர வேண்டும். அது கிடைத்த 30 நாட்களுக்குள் நீங்கள் எழுத்தில் மறுத்தால், ஆதாரம் அனுப்பும்வரை வசூலை நிறுத்தியாக வேண்டும். இந்த 30 நாளை விட்டுவிடாதீர்கள்.

பதில் வந்தால் என்ன பார்ப்பது

சில சமயம் பதிலே வராது. சில சமயம் கணினித் திரையை அச்செடுத்த ஒரே ஒரு பக்கம் வரும்: பெயர், ஒரு எண், கீழே பெரிய தொகை. அதை ஆதாரம் என்று ஏற்க வேண்டியதில்லை. அசலும் வட்டியும் எங்கே, எந்தத் தேதியிலிருந்து என்று திரும்ப ஒரு கடிதம் போடுங்கள்.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். "கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தைக் காட்ட முடியவில்லை என்றால் கடனே இல்லை" என்ற நம்பிக்கையைப் பலர் பரப்புகிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு உட்காராதீர்கள். பிரிட்டனில்கூட அசல் காகிதம் தேவையில்லை, பதிவேடுகளை வைத்துத் திரும்ப உருவாக்கிய நகல் போதும் என்று 2009-லேயே தீர்ப்பு வந்துவிட்டது. 06.04.2007-க்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு மட்டும் சட்டம் இன்னும் கண்டிப்பானது. அவற்றில் முக்கிய விதிமுறைகளோடு கையெழுத்தான ஆவணமே இருந்ததில்லை என்றால் கடன் வாங்கியவர் பக்கம் வாதம் பலமாகும். இந்தியாவில் 1891-ஆம் ஆண்டு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டப்படி, வங்கி சான்றளித்துக் கொடுக்கும் கணக்கு நகலே சாட்சியாக ஏற்கப்படும். நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவருடையது என்பது நிஜம்தான். ஆனால் அவர்கள் நிரூபித்துவிட்டால் உங்கள் பக்கம் காகிதம் இல்லாதது உங்களைக் காப்பாற்றாது. அப்போது நீங்கள் திரட்டிய சேமிப்புக் கணக்குப் பக்கங்கள்தான் கைகொடுக்கும்.

தொகையைச் சரிபார்க்கும்போது ஒரு மாதத்தை எடுத்துப் பாருங்கள். தாமதக் கட்டணம், அதன் மேல் வரி, வரம்பு மீறிய கட்டணம், இவை எல்லாவற்றின் மேலும் வட்டி. கார்டைத் தொடாமலேயே பாக்கி ஏறிக்கொண்டு போனதன் காரணம் அந்த ஒரே பக்கத்தில் தெரிந்துவிடும். நீங்கள் கட்டியதாக உங்கள் வங்கிப் பக்கத்தில் இருந்து, அவர்கள் கணக்கில் வராத தொகை ஏதாவது இருந்தால் சிவப்பு மையில் குறியுங்கள்.

கடன் உங்களுடையதுதான், கெடுவும் முடியவில்லை என்றால்

பேசி முடிப்பதே நல்லது என்பது என் கருத்து. ஒளிந்துகொண்டிருப்பதில் போகிற தூக்கத்துக்கு விலை கிடையாது. அசலும் நியாயமான வட்டியும் என்று ஒரு எண்ணை நீங்களே காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். மொத்தமாக ஒரே தடவை கட்ட முடிந்தால் குறைத்துக் கேட்க இடம் அதிகம். தவணை என்றால், ஒரு தவணை தவறினால் சலுகை ரத்தாகுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடிதம் முதலில், பணம் அப்புறம். வங்கியின் லெட்டர்ஹெட்டில் கணக்கு எண், ஒப்புக்கொண்ட தொகை, கட்ட வேண்டிய நாள், கட்டியதும் மீதி எதுவும் கேட்கப்படாது என்ற வாசகம் இவை நான்கும் இருக்க வேண்டும். ஏஜென்ட்டின் வாட்ஸ்அப் செய்தி கடிதம் ஆகாது. பணத்தை அந்தக் கடனுக்கான நிறுவனக் கணக்குக்கே அனுப்புங்கள். தனிநபரின் கணக்குக்கோ, கையில் ரொக்கமாகவோ ஒருபோதும் வேண்டாம்.

குறைத்துக் கட்டினால் கடன் அறிக்கையில் "செட்டில்டு" என்று வரும், முழுதும் கட்டினால் "க்ளோஸ்டு". அடுத்த ஒன்றிரண்டு வருடத்தில் வீட்டுக் கடன் வாங்கும் திட்டம் இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது. இல்லையென்றால் குறைந்த தொகைக்கு முடிப்பதில் தப்பில்லை.

கெடு முடிந்த கடனை மனசாட்சிக்காகக் கட்ட விரும்புகிறவர்களும் உண்டு. தாராளமாகக் கட்டலாம். ஆனால் அதையும் ஒரே தடவையாக, மொத்தமும் முடிந்தது என்ற கடிதத்தை வாங்கிக்கொண்டு கட்டுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேண்டாம்.

நீதிமன்றக் காகிதம் வந்தால்

எதை விட்டாலும் இழுப்பறைக்குள் போடவே கூடாத காகிதம் இதுதான். கெடு முடிந்த கடன் என்றாலும், ஆளே வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வந்துவிடலாம். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கெடு முடிந்தது என்பதை நீங்கள்தான் எழுப்ப வேண்டும், நீதிமன்றம் தானாகப் பார்க்காது. இந்தியாவில் நீதிமன்றமே பார்க்க வேண்டும் என்று சட்டம் இருந்தாலும், வெளிநாட்டில் இருந்த காலம், இடையில் கட்டிய தொகை என்று எதிர்த்தரப்பு சொல்வதற்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். எழுத்து மூலப் பதிலுக்கு இந்தியாவில் 30 நாள்; நீதிமன்றம் 90 நாள் வரை நீட்டலாம். இங்கிலாந்தில் 14 நாளுக்குள் ஒப்புகை அனுப்பினால் பதிலுக்கு மொத்தம் 28 நாள். சம்மன் கையில் கிடைத்த அன்றே வக்கீலிடமோ இலவச சட்ட உதவி மையத்திலோ காட்டுங்கள்.

இந்தியாவில் லோக் அதாலத் (இரு தரப்பும் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸும் வரும். சம்மன் மாதிரியே தெரிவதால் பலர் நடுங்கிப்போகிறார்கள். அங்கே போய்ப் பேசலாம், உடன்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் உடன்பட்டுக் கையெழுத்திட்டால் 1987-ஆம் ஆண்டு சட்டப்படி அதுவே இறுதி, மேல்முறையீடு கிடையாது. அதனால் போகும்போது உங்கள் கோப்பை எடுத்துப் போங்கள், தொகையை முன்பே தீர்மானித்துவிட்டுப் போங்கள்.

மிரட்டல் வேறு கணக்கு. இந்தியாவில் வசூல் ஏஜென்ட் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. உறவினரிடமும் அலுவலகத்திலும் அவமானப்படுத்தினால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஆம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், செலவில்லை. இறந்துபோன அப்பாவின், கணவரின் கார்டுக்காக வீட்டாரை நெருக்குகிறார்கள் என்றால்: இந்தியாவில் வாரிசுக்குப் பொறுப்பு, அவர் விட்டுச்சென்ற சொத்து கைக்கு வந்த அளவுக்குத்தான். துக்கத்தில் இருக்கிறவர்களிடம் "நான் கட்டுகிறேன்" என்று எழுதி வாங்கப் பார்ப்பார்கள். ஒரு கையெழுத்தும் போட வேண்டாம்.

முடிந்த பிறகு

பணம் கட்டியதும் நோ டியூஸ் சான்று (பாக்கி எதுவும் இல்லை என்ற சான்று) கேட்டு வாங்குங்கள். கார்டு கணக்கை மூடச் சொல்லித் தனியாக எழுதுங்கள். பாக்கி எதுவும் இல்லை என்றால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன, தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். இரண்டு மாதம் கழித்து நான்கு கடன் அறிக்கைகளையும் மறுபடி எடுங்கள். எதிலாவது பழைய பாக்கி மாறாமல் இருந்தால் அந்தக் கடன் தகவல் நிறுவனத்திலேயே திருத்தக் கோரிக்கை போடலாம். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு.

ஒப்புகை, பின் அடித்த கடிதம், வங்கிப் பக்கங்கள், நோ டியூஸ் சான்று எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு, போனில் படமெடுத்து உங்களுக்கே மெயில் அனுப்பி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அந்த உறை எங்கே இருக்கிறது என்று சொல்லி வையுங்கள். அதே கடன் மறுபடி வேறொரு பெயரில் விற்கப்பட்டு, நாலு வருடம் கழித்து இன்னொரு போன் வரலாம். அப்போது தேட வேண்டிய இடம் ஒன்றே ஒன்றாக இருக்கும்.